மறுநாள் காலை

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைப்பது என்பதை அவனே தீர்மானித்துக்கொள்ளலாம். கல்யாணத்தோடு நிறுத்திவிட்டால் அது இன்பக் கதை. அதற்கு மேல் ஒரு பத்து வருஷம் நீட்டினால் என்ன ஆகும் என்பதைக் கல்யாணமான வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடியவன் ஒருவனிடம் அகப்பட்டுத் தவிக்கும் சிறுவனை யாரோ ஒரு நல்லவர் மீட்டுக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார், கிழக்கே சூரியன் உதிக்கிறது, 'முற்றும்.' நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை மூடி வைக்கிறோம். அந்தச் சிறுவனுக்கு மறுநாள் காலையில் யார் காப்பி கொடுத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

செய்தித்தாள்களும் இந்த விஷயத்தில் கதைகளைப் போலத்தான் நடந்துகொள்கின்றன. பட்டறையில் திடீர்ச் சோதனை, சிறுவர்கள் மீட்பு என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு. கீழே ஒரு புகைப்படம். அதிகாரிகள் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் காலடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளின் முகங்கள் மட்டும் மங்கலாக்கப்பட்டிருக்கும். அது நியாயந்தான், அப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் முகத்தோடு சேர்த்து அந்தப் பிள்ளைகளின் மறுநாளையும் அழித்துவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு. அடுத்த நாள் பத்திரிகையைப் புரட்டினால் அவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது.

இப்படி ஒரு சந்தேகம் என் மனத்தில் குடியேறியதற்குக் காரணம் நான் பிறந்து வளர்ந்த ஊர். சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும்; பெய்யாவிட்டால் கருவேல மரம் மாத்திரம் தழைக்கும். பெய்யாத வருஷங்களே அதிகம். இந்த வறண்ட பூமிக்குப் பக்கத்திலிருந்த சிவகாசியில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து தொடங்கினார்கள். பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் சேர்ந்து, அந்த ஊருக்குக் 'குட்டி ஜப்பான்' என்று செல்லப் பெயரே வந்துவிட்டது. தொழிலைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வானம் கைவிட்ட எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தொழில் கஞ்சி ஊற்றியிருக்கிறது. ஆனால் அந்தக் கஞ்சியில் ஒரு பங்கு எட்டு வயதுக் குழந்தைகளின் கூலியாக இருந்தது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்?

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். "எங்க மக ஆபீசுக்குப் போறா" என்று ஒரு தாய் சொன்னால், வெளியூர்க்காரர்கள் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆபீசுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பஸ் விடியற்காலம் நாலு மணிக்கு வரும். அதற்கு முன்பே ஏஜெண்டு தெருவில் வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவார். பஸ் ஊர் எல்லைக்கு வந்து ஹாரன் அடித்ததும் வீடுகளில் சிம்னி விளக்குகள் அசையும். பாதித் தூக்கத்தில் தள்ளாடும் பிள்ளைகளைத் தாய்மார்கள் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து பஸ்ஸுக்குள் ஏற்றுவார்கள். கையில் ஒரு தூக்குவாளி. அதில் பழைய சோறோ கம்மங்கஞ்சியோ இருக்கும். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். சூரியனைத் தன் ஊரில் வைத்துப் பார்க்க அந்தக் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் வாய்த்தது. 1980களில் சிவகாசி வட்டாரத்தைப் பற்றி எழுதியவர்கள் இப்படி வேலை செய்த குழந்தைகள் 45,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எனக்கு அந்த 45,000 பேரைத் தெரியாது. எங்கள் தெருவில் ஏறிய ஏழு பேரைத் தெரியும்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி எங்கள் எதிர்வீட்டுப் பெண். என் வயதுதான். மூன்றாம் வகுப்பில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், 1989ஆம் வருஷம் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அவள் தகப்பனார் கிணறு வெட்டப் போன இடத்தில் முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். வைத்தியச் செலவுக்கு ஏஜெண்டு முந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்தார். முன்பணம் வாங்கிய வீட்டிலிருந்து ஓர் ஆள் பஸ்ஸில் ஏற வேண்டும். தாய் ஏறலாம் என்றால் கைக்குழந்தை ஒன்று இருந்தது. ஆகவே மகள் ஏறினாள். யாரும் அவளை அடித்து ஏற்றவில்லை. பகல் முழுவதும் உட்கார்ந்து மருந்து தோய்க்க வேண்டிய குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்குவாள். இத்தனை சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளைக்கு நாலு ரூபாய், மிஞ்சினால் ஐந்து ரூபாய் கொண்டுவருவாள்.

அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே, அதாவது 1986இல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தாகிவிட்டது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாத தொழில்களின் பட்டியலில் தீப்பெட்டியும் பட்டாசும் இருந்தன. டில்லியிலிருந்து புறப்பட்ட அந்தச் சட்டம் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. பஸ் மட்டும் தவறாமல் வந்தது.

எங்கள் வகுப்பு வாத்தியார் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். சைக்கிளில் வருவார். அதிகம் பேசமாட்டார். அந்தப் பெண் வராமல் ஒரு வாரம் ஆனதும் ஒரு நாள் மாலை அவள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். படிப்பின் பெருமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போகிறார் என்று எதிர்த்திண்ணையிலிருந்து நான் ஆவலோடு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவரோ சிலேட்டும் பலப்பமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவும்மா கொண்டாறா?"

"நாலு ரூவா, சில நாளைக்கு அஞ்சு. அதுல கடனுக்குப் பிடிச்சுக்கிடுவாக. வாத்தியாரய்யா, புள்ளைய அனுப்பாம நாங்க என்ன செய்ய? வாங்கின துட்டுக்கு யாரு பதில் சொல்ல?"

"முந்நூறும் அடைய எத்தனை நாளாகும்னு ஏஜெண்டு சொன்னாரா?"

"அதெல்லாம் நமக்கு என்ன தெரியும்?"

வாத்தியார் சிலேட்டில் கணக்குப் போட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியின் அருமை எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. "இவளுக்குப் பதில் நீங்க போனா, சின்னவனை யார் பார்த்துக்கணும்?"

சின்னவனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. ஊரில் ஒரு கீற்றுக் கொட்டகையில் பால்வாடி நடந்துகொண்டிருந்தது. 1982ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமத்துப் பள்ளிக்கூடங்களோடு பால்வாடியில் இருந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் மத்தியானச் சோறு கிடைக்க வழி செய்திருந்தது. வாத்தியார் பால்வாடி ஆயாவிடம் போய்ப் பேசினார். ஆயா, தாய் வருகிற வரையில் பையனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தாள். மகளுக்கும் மத்தியானச் சோறு பள்ளியிலேயே கிடைத்துவிடும். அந்த வீட்டில் ஒரு வேளைக்கு இரண்டு வயிறு குறைந்தது. ஏழை வீட்டில் அது லேசான கணக்கு அல்ல.

ஏஜெண்டுதான் கொஞ்சம் முரண்டு பிடித்தார். "சின்ன விரல்தான் சார் சட்டத்துல ஓடும். பெரிய பொம்பளைக கை மெதுவா இருக்கும்" என்றார். இந்தச் 'சின்ன விரல்' தத்துவம் தீப்பெட்டிக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. கம்பளம் நெய்கிற இடத்திலும் பட்டுத்தறியிலும் பீடிக் கொட்டகையிலும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டே மாதத்தில் அந்தத் தாய் தன் மகளைவிட அதிகமான சட்டங்களை அடுக்கினாள். விரலின் அளவில் இரகசியம் ஒன்றும் இல்லை. பெரியவள் கூலியைக் கணக்குக் கேட்பாள், சின்னவள் கேட்கமாட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு கதாசிரியன் இங்கேதான் பேனாவை மூடுவான். ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்குத் திரும்பி வந்தவளுக்குப் பள்ளி பிடிக்கவில்லை. எங்களுக்கெல்லாம் வகுத்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பெருக்கலே மறந்துவிட்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். பையன்கள் அவளை 'ஆபீஸ்காரி' என்று கேலி செய்தார்கள். ஒரு நாள் அவளே என்னிடம் சொன்னாள்: "பஸ்ஸுல நாங்க பாட்டுப் பாடிக்கிட்டே போவோம், தெரியுமா? சனிக்கிழமை சம்பளத்துல எங்கம்மா ரிப்பன் வாங்கித் தந்தா. இங்க என்ன இருக்கு?" பெரியவர்கள் குழந்தையின் கஷ்டத்தைத்தான் நினைத்துப் பார்க்கிறோம். வீட்டுக்குக் காசு கொண்டுவருகிற குழந்தைக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு வெறும் சிலேட்டைக் கையில் கொடுத்தால் அதற்குக் கோபம் வராதா?

அவள் இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் எழுந்து தாய்க்கு முன்பாகவே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் விடியலில் பஸ் நிற்கிற புளிய மரத்தடியில் வாத்தியார் சைக்கிளோடு நின்றார். அத்தனை தூரம் அந்த இருட்டில் எப்போது புறப்பட்டு வந்தாரோ தெரியாது. அவர் ஒன்றும் பேசவில்லை, சும்மா நின்றார். அவள் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு வகுப்பில் அவளை அழைத்து ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலையில் தெருத் தெருவாகப் போய், பள்ளிக்கு வராமல் சோம்பிக் கிடக்கிற பிள்ளைகளையெல்லாம் கதவைத் தட்டி அழைத்துக்கொண்டு வர வேண்டும். அந்த உத்தியோகத்தை அவள் எவ்வளவு கண்டிப்போடு செய்தாள் என்பதற்கு நானே சாட்சி. காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்திருந்த என்னை ஒரு நாள் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அவள் படித்து டாக்டராகவோ கலெக்டராகவோ ஆனாள் என்று எழுதினால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். எட்டாம் வகுப்பு வரை படித்தாள். பிறகு கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனாள். அங்கேயும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டினாள். ஆனால் பேருந்தில் ஊர்ப் பெயர் படிப்பாள், கூலிச் சீட்டைக் கூட்டிப் பார்ப்பாள், ஏமாற்றினால் சண்டைக்குப் போவாள். இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்ற ஆறு பேரைப் பற்றிக் கேட்பீர்கள். வாத்தியார் இரண்டாவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அடுத்து வந்தவரும் நல்லவர்தான். நன்றாகப் பாடம் நடத்துவார். பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு. ஆறு பேரும் பஸ்ஸில் போய்க்கொண்டேயிருந்தார்கள்.

நல்ல மனிதர்கள் இருந்தால் போதும், சட்டம் எதற்கு என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது அந்த மாற்றல் உத்தரவு எனக்கு நினைவு வரும். நல்ல மனிதருக்கு மாற்றல் ஆகும், வயதாகும், உடம்புக்கு வரும். ஒரு குழந்தையின் மறுநாள் காலையைக் கவனிப்பது ஒருவருடைய கருணையாக மட்டும் இருந்தால் அது ஒன்றரை வருஷத்தில் முடிந்துவிடும். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையாக, ஒருவர் போனால் இன்னொருவர் வந்து உட்காருகிற நாற்காலியாக அது இருக்க வேண்டும்.

நமது சட்டங்கள் இந்த உண்மைக்கு வந்து சேர ரொம்ப காலம் எடுத்துக்கொண்டன. 1881இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழு வயது என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். 1933இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அது சொல்லிற்று. மீறிய தகப்பனுக்கு 50 ரூபாய் வரை அபராதம். வேலை வாங்கிய முதலாளிக்கு 200 ரூபாய் வரை. பிள்ளையை அடகு வைக்கிற நிலையில் இருந்தவனிடம் ஐம்பது ரூபாய் எங்கிருந்து வரும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்தார்களோ என்னவோ! 1986ஆம் வருஷத்துச் சட்டமோ, குடும்பத்தாரை வைத்துக்கொண்டு நடத்துகிற பட்டறைகளுக்கு விலக்குக் கொடுத்தது. வேலை வீட்டுத் திண்ணைக்கு இடம் மாறியது.

மறுநாள் காலையை நினைத்துப் பார்த்த முதல் பெரிய உத்தரவு என்று நான் கருதுவது 1996ஆம் வருஷம் டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்கு அது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசாங்கம் வேலை தேடித்தர வேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போகிற வரையில் அந்தத் தொகையின் வட்டி குடும்பத்துக்கு. எங்கள் வாத்தியார் திண்ணையில் கேட்ட கேள்விதான், ஏழு வருஷம் கழித்து டில்லியில் எதிரொலித்தது. அந்நாளைய பாங்கி வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டாலும் 25,000 ரூபாய்க்கு மாதம் 250 ரூபாய். குழந்தையின் கூலிக்கு அது ஈடாகுமா என்றால் ஆகாது. ஆனாலும் குழந்தையை விடுவித்தால் அந்தக் கூலி இருந்த இடத்தில் வேறு ஏதாவது வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டதே, அது பெரிய காரியம்.

இன்று எங்கள் ஊருக்குக் குழந்தைகளை ஏற்ற பஸ் வருவதில்லை. சட்டம், வழக்கு, சத்துணவு, இயந்திரம், தாய்மாரின் கூலி, வீட்டுக்கு இரண்டு பிள்ளை என்று ஆனது, எல்லாம் சேர்ந்துதான் அந்த பஸ்ஸை நிறுத்தியிருக்க வேண்டும். கரிசல் மண்ணிலேயே பிறந்த எழுத்தாளர் பூமணி அந்த வாழ்க்கையைக் 'கருவேலம்பூக்கள்' என்று படமாக எடுத்தார். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் பழங்கதை போலப் பார்க்கக்கூடும்.

ஆனால் பஸ் நின்றதே தவிர ஏஜெண்டு நிற்கவில்லை. பஸ் வேனாக மாறியது. போகிற ஊரும் மாறியது. கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்துப் பஞ்சாலைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள். ஆலை விடுதியில் தங்கி மூன்று வருஷம் வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயர் வேறு. நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்டவளுக்கு அந்தத் தொகை கைக்கு வராமலே போகும். பதினான்கு வயது வரையில் கல்வி உரிமைச் சட்டம் உண்டு. எந்த வேலைக்கும் அனுப்பக் கூடாது என்று 2016இல் திருத்திய சட்டமும் உண்டு. பதினான்கைத் தாண்டினால், ஆபத்தான தொழில்கள் என்று எழுதிவைத்த பட்டியலுக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் போகலாம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஆபத்து தொழிலில் மட்டுமா இருக்கிறது?

இதெல்லாம் எங்கேயோ கிராமத்துச் சமாசாரம் என்று பட்டணத்து வாசகர்கள் நினைக்க வேண்டாம். வீட்டு வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வைக்கக் கூடாது என்ற தடை 2006ஆம் வருஷம் அக்டோபர் 10ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதற்குச் சில வருஷங்கள் கழித்து ஒரு தூரத்து உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "ஊரிலே ரொம்பக் கஷ்டம். கூடமாட இருக்கட்டும்னு கூட்டிண்டு வந்தோம். எங்க பொண்ணு மாதிரிதான் வெச்சிருக்கோம்" என்றார்கள். நான் அவர்கள் பெண்ணைப் பற்றி விசாரித்தேன். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாளாம்.

சென்ற வருஷம் ஒரு மாவட்டத் தலைநகரில் பள்ளி விழாவொன்றில் பேசப் போயிருந்தபோது, கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மாள் வந்து அறிமுகப்படுத்திக்கொண்டார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'ஆற்றுப்படுத்துநர்' என்றார். ஆங்கிலத்தில் கவுன்சிலர் என்பதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர். இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அவருக்கு ஒரு கும்பிடு. பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன் வழியில் காண்கிற வறியவனுக்கு, 'இன்ன வழியாகப் போ, இன்னாரைப் பார்' என்று வழி சொல்வதுதான் நம் பழந்தமிழில் ஆற்றுப்படை. சர்க்கார் அலுவலகப் பலகையில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது இலக்கியம் படித்தது வீண்போகவில்லை என்று தோன்றுகிறது.

அவரிடம் ஒரு நீள நோட்டுப் புத்தகம் இருந்தது. யாருடைய பெயரையும் என்னிடம் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே ஓரிரண்டு விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

பதின்மூன்று வயதுப் பையன். தகப்பன் இல்லை. தாய் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு அவனை வெளியூரில் பலகாரக் கடைக்கு அனுப்பிவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவான் 1098க்குப் போன் செய்திருக்கிறார். பத்து, ஒன்பது, எட்டு என்று குழந்தைக்குக்கூட மனத்தில் நிற்கிற எண். 1996இல் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் பரவியது. பையனை மீட்டு, சட்டப்படி இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சில நாள் இல்லத்தில் வைத்திருந்து தாயிடம் சேர்த்தார்கள். இங்கேதான் நமது 'முற்றும்' வருகிறது.

"வீட்டுக்குப் போன மூணாம் நாள் ஏஜெண்டு மோட்டார் சைக்கிள்ல வந்து வாசல்ல உட்கார்ந்துட்டான் சார். பையனை விடு, இல்லேன்னா பணத்தை வைன்னு. ரெண்டு மாசம் கழிச்சு நான் போய்ப் பார்த்தா பையன் இல்லை. வேற ஊர், வேற கடை, அதே அடுப்பு."

"கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாதே அம்மா? 1976லேயே சட்டம் வந்துவிட்டதே?"

"சட்டப்படி கடன் இல்லைதான். ஆனா அந்த அம்மா தன்னைக் கடன்காரின்னுதான் நினைக்கிறாங்க. ஊரும் அப்படித்தான் நினைக்குது. அதை எந்தச் சட்டத்தால சார் ரத்து பண்றது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. பையனை இரண்டாம் தடவை மீட்டபோது, தாயைத் தாசில்தார் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஏஜெண்டையும் அங்கே வரவழைத்து, கடன் செல்லாது என்பதை அந்தத் தாயின் காது கேட்க, நாலு பேர் முன்னால் தாசில்தார் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு, 2022 முதல் நடைமுறைக்கு வந்த மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டார். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு ஆதார் வேண்டும். ஆதாரில் பையனின் பிறந்த தேதி தப்பாக இருந்தது. கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட குழந்தைக்கு 2,00,000 ரூபாய் வரையில் மறுவாழ்வுத் தொகை உண்டு. ஆனால் முழுத் தொகை வருவதற்கு வழக்கு முடிந்து தண்டனை உறுதியாக வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பையனுக்குத் தினமும் பசிக்கிறது.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் இல்லை என்று சேர்க்க மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி கொடுக்க வேண்டும் என்று 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து நோட்டுப் புத்தகத்திலேயே மடித்து வைத்திருக்கிறார். தலைமையாசிரியர்களோடு அவர் வாதாடுவதில்லை. காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்பாராம்.

இப்போது பையன் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். ஆனால் இத்தனை கிலோ பலகாரத்துக்கு எத்தனை படி மாவு, எவ்வளவு எண்ணெய், என்ன விலை என்று கேட்டால் கணக்கு வாத்தியார் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறான். முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகளை மறைக்க முழுக்கைச் சட்டைதான் வேண்டுமென்றானாம். அதையும் அந்த அம்மாள்தான் தைத்துக் கொடுத்தார். அதற்கு எந்தத் திட்டத்திலும் தொகை இல்லை.

"இனிமேல் போகமாட்டான் அல்லவா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாது சார். பரீட்சை லீவு, பொங்கல், ஊர்க் கொடை, இந்த மூணும்தான் எனக்குப் பயம். கொடைக்குத் துணிமணி எடுக்கக் கையில் காசு இருக்காது. ஏஜெண்டு அந்தச் சமயம் பார்த்துத்தான் வருவான். லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிற நாள் காலையில பையன் வரிசையில் நிக்கிறானான்னு பார்த்துட்டா, அடுத்த லீவு வரைக்கும் தூங்கலாம்."

நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையனின் பக்கத்தில், காலாண்டுப் பரீட்சை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தது. பக்கத்தில் அந்த ஊருக்குப் போகிற முதல் பஸ்ஸின் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார்: காலை 5.40.